ஆதாயம் சாட்சி ஆகாது

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது முதல், அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் நான் அறிந்த இளைஞர்களிடையே இக்கேள்வி ஓயவில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய கல்கியும் ஐயத்துக்கு இடம் வைத்தே கதையை முடித்தார். நந்தினியா, ரவிதாசனா, பெரிய பழுவேட்டரையரா என்று வாசகர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர்களும் 2015இல் திரையில் தோன்றிய ஸ்னோக் என்ற வில்லன் யாரென்று இப்படித்தான் வாதிட்டனர். 2017இல் விளக்கமின்றியே அவன் மடிந்தான். பழைய வில்லன் பால்படைன் உருவாக்கியவனே அவன் என்று 2019இல் சொல்லப்பட்டது. கற்பனை மாந்தரைப் பற்றிய ஊகத்தால் எவருக்கும் தீங்கில்லை.

கரிகாலனோ வரலாற்றில் வாழ்ந்தவன். ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, அவனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் உள்ளிட்டோரைக் குறிப்பிடுகிறது. அவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டதையும் கூறுகிறது. கொலையின் நோக்கத்தை மட்டும் அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான், அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழன் மீது பழி விழுந்தது. நீலகண்ட சாஸ்திரி அவரை ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார்.

பொருளியல் மாணவர்களுக்கு நான் வலியுறுத்திய பாடம் ஒன்று உண்டு: ஆதாயம் பெற்றவரே காரணகர்த்தா என்று முடிவுகட்டக் கூடாது. மழை பொய்த்து விலை ஏறினால், இருப்பு வைத்திருந்த வணிகர் லாபமடைவார். அதற்காக, மழையைத் தடுத்தவர் அவர் என்போமா? ஆதாயம் ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்பை எழுதச் சான்று வேண்டும். இறந்து ஆயிரம் ஆண்டுகள் ஆனாலும், உத்தம சோழனுக்கும் அந்த நியாயம் உரியதே.