மூன்று சென்ட் இடம்

கமுதியில் குடிசையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினாலும் அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய்தான். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடத்தில் கட்டினாலும் அதே மூன்றரை லட்சம்தான். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் ஊருக்கு ஒரு தொகை கிடையாது. சிமென்ட்டும் கம்பியும் எங்கே வாங்கினாலும் ஏறத்தாழ ஒரே விலை என்பதால் அதில் தவறும் இல்லை. இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் சுவரிலோ கூரையிலோ இல்லை, அடியில் இருக்கும் மண்ணில் இருக்கிறது.

1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. பிறகு செயின்ட் கோபைன், சாம்சங், ரெனோ நிசான், டைம்லர், அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு, யமஹா என்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரை தொழிற்சாலைகள் வரிசை கட்டின. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் மனைப்பிரிவுகளாக மாறியது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு விலை கிடைத்தது. அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்களுக்கு வேலையும் போனது, பக்கத்தில் ஒரு மனை வாங்கும் வாய்ப்பும் போனது. ஆனால் இந்தத் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பல இன்னமும் சட்டப்படி கிராமங்கள்தாம். ஸ்ரீபெரும்புதூர் ஒன்றியத்தில் மட்டும் 58 கிராம ஊராட்சிகள். ஏழைக்கு வீடு என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும் இடம் தலைமைச் செயலகம் இல்லை, அந்த ஊராட்சி அலுவலகத்து மேசைதான்.

அந்த மேசையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“பட்டா இருக்குதாம்மா?”

“எங்க மாமனார் காலத்துலேருந்து அங்கதான்பா இருக்கோம். வீட்டு வரி ரசீது இருக்கு, கரண்ட் கார்டு இருக்கு.”

ஊராட்சிச் செயலர் அந்த ரசீதுகளை வாங்கிப் பார்ப்பார், மடித்துத் திருப்பிக் கொடுப்பார். வீட்டு வரி ரசீது அந்த இடத்தில் ஒரு வீடு இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. இடம் அவருடையது என்று அது சொல்லாது. முப்பது வருஷம் வரி கட்டியவருக்கும் இது தெரிவதில்லை. வீடு கேட்டு வந்த அன்றைக்குத்தான் தெரிகிறது.

2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட கனவு இல்லத் திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள். முதல் ஆண்டுக்கு மட்டும் ஒரு லட்சம் வீடு, 3,500 கோடி ரூபாய். வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. மத்திய அரசின் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 2011-இல் தொடங்கிய சூரிய ஒளி பசுமை வீடு 300 சதுர அடி. சமையலறைக்கும் ஒரு அறைக்கும் நடுவே சுவர் எழுப்ப இடம் கிடைப்பது அந்தக் கூடுதல் அடிகளில்தான்.

ஒரு சென்ட் என்பது சுமார் 436 சதுர அடி. கனவு இல்லம் ஒரு சென்ட்டுக்குள் அடங்கிவிடும். கிராமப்புறத்தில் அரசு வழக்கமாகக் கொடுக்கும் வீட்டுமனை 3 சென்ட் வரை. இந்தச் சின்னத் துண்டுக்குத்தான் அத்தனை அலைச்சலும்.

இடம் இருப்பவருக்கு மற்றது ஒரு ஒழுங்கில் நடக்கும். பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம், லிண்டல், தளம், முடிந்த வீடு என்று ஒவ்வொரு கட்டமாக ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் வந்து பார்த்துப் படமெடுத்துப் பதிவு செய்த பிறகுதான் அடுத்த தவணை வங்கிக் கணக்கில் ஏறும். அவரை நேரத்துக்கு வரவழைப்பதில் ஊராட்சிக்குப் பெரிய வேலை இருக்கிறது. பேஸ்மட்டம் முடிந்து படமெடுக்க ஆள் வரப் பத்து நாள் ஆனால், கொத்தனார் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுவார். தொழிற்சாலைக் கட்டுமானம் நடக்கும் இந்தப் பகுதியில் அவரைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை. அந்த இடைவெளியில் குடும்பம் வட்டிக்கு வாங்கும். தவணை வரும்போது பாதி வட்டிக்குப் போயிருக்கும். மாலைக்குள் படமெடுத்து ஏற்றிவிடும் ஒரு ஓவர்சியர், எந்த அரசாணையும் சேர்த்துத் தராத பணத்தை அந்தக் குடும்பத்துக்கு மிச்சப்படுத்துகிறார்.

இடம் இல்லாதவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பலர் புறம்போக்கில். புறம்போக்கிலும் இரண்டு வகை. அரசுக்கு வேறு தேவை இல்லாத, ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை வரன்முறை செய்து பட்டா கொடுக்கலாம். சென்னையைச் சுற்றி ‘பெல்ட் ஏரியா’ என்று 1962 முதல் இருந்த தடை அதையும் பல இடங்களில் நிறுத்தி வைத்திருந்தது. அந்தப் பகுதியையும் மற்ற மாவட்டங்களின் நகர்ப்புறங்களையும் சேர்த்துச் சுமார் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா கொடுக்க 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது.

ஏரிக்கரை, வாய்க்கால், மேய்ச்சல் நிலம் என்றால் நிலைமை வேறு. பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏரிகளுக்கென்றே தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் ஏரியை விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டார்கள். சொல்லவும் கூடாது. ஆனால் கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் போக இடமில்லாததால் அங்கே இருப்பவர்கள். அவர்களுக்கு மாற்று இடம் பார்ப்பது ஏரியைக் காக்கும் வேலையின் ஒரு பகுதி. இரண்டையும் வேறு வேறு கோப்புகளில் வைத்தால் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் மட்டும் வேகமாக நகரும்.

சேர்த்தே செய்ய முடியும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஓலைக் குடிசைகளில் இருந்த இருளர் குடும்பங்களுக்காக ஐந்து ஊர்களில் 443 வீடுகள் கட்டப்பட்டன. மலையாங்குளத்தில் 178, சிங்காடிவாக்கத்தில் 100, ஊத்துக்காட்டில் 76, குண்டுகுளத்தில் 58, தொழிற்சாலைகளுக்கு நடுவில் உள்ள காட்டரம்பாக்கத்தில் 31. இங்கே மாவட்ட நிர்வாகம் “பட்டா கொண்டு வா” என்று சொல்லவில்லை. இடத்தைப் பார்த்துக் கொடுத்து, அதிலேயே வீட்டையும் கட்டியது. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரமும் மனையும் வீடும் சேர்ந்த திட்டம்தான். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டமும் நிலமற்ற பயனாளிக்கு நிலம் கொடுப்பதை மாநில அரசின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. வழி புதிதில்லை. ஒரு ஏக்கர் விலை இப்படி ஏறிக் கிடக்கும் தொழிற்பேட்டைப் பகுதியில், அந்த வழியில் போக மனசு வேண்டும், சீக்கிரமும் வேண்டும். ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போடும்போது ஊருக்குள் மிச்சமிருக்கும் அரசு நிலம் குறைந்துகொண்டே போகிறது.

இந்த ஊர்களில் வீடு தேடும் இன்னொரு கூட்டமும் உண்டு. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். இவர்களுக்கு ஊர்க்காரர்கள் கட்டிவிட்டதுதான் லைன் வீடு. நீளமாக ஒரு சுவர், அதை ஒட்டிப் பத்துப் பத்து அடியில் வரிசையாக அறைகள், கோடியில் பொதுக் கழிவறை. ஷிப்ட்டுக்குப் போகிறவர் எழுந்த பாயில்தான் ஷிப்ட் முடிந்து வருபவர் படுப்பார். கட்டட அனுமதி, குடிநீர், கழிவுநீர், குப்பை எல்லாம் ஊராட்சியின் தலையில். இருநூறு குடும்பத்துக்குப் போட்ட மேல்நிலைத் தொட்டியில் இப்போது எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்ற கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

2021 டிசம்பரில் இந்தப் பிரச்சினை ஊருக்கே தெரிந்தது. ஆப்பிளுக்குப் போன் செய்யும் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத நிலையில் ஆயிரக்கணக்கானவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தங்குமிடங்கள் சிலவும் சாப்பாட்டுக் கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. பெண்கள் விடுதிக்கு ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 2014-இலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் நம் ஊர்ப் பிள்ளைகள் தங்கியிருந்த தொழிலாளர் விடுதிகளில் 2020-இல் கொரோனா காட்டுத்தீயாகப் பரவிய பிறகுதான் அந்த அரசு, புது விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. சட்டமும் கண்காணிப்பும் எல்லா இடத்திலும் அடி விழுந்த பிறகே விழிக்கின்றன.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய தொழிலாளர் குடியிருப்பை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர், ஆக 18,720 பேர். செலவு 706.50 கோடி ரூபாய். இதில் 37.44 கோடி மத்திய அரசின் மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தின் மானியம். 2020 ஊரடங்கில் நடந்தே ஊருக்குப் போன தொழிலாளர்களைப் பார்த்து அந்த ஆண்டு ஜூலையில் கொண்டுவந்த திட்டம் அது. நல்ல காரியம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு படுக்கைக்குச் சுமார் 3 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய். பக்கத்து ஊரில் ஒரு முழுக் குடும்பத்தின் வீட்டுக்குக் கிடைக்கும் உதவியை விட அதிகம். அடுக்குமாடிக் கட்டடத்தின் கணக்கும் ஊர் வீட்டின் கணக்கும் ஒன்றில்லைதான். ஆனாலும், ஆலைக்கென்று வந்தபோது அரசு இடத்தையும் கடனையும் மானியத்தையும் ஒரே கோப்பில் சேர்த்தது. அதே ஊரில் பரம்பரையாக இருக்கும் கூலித் தொழிலாளி மட்டும் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதே மாவட்டத்தில்தான் உத்திரமேரூர். பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்க இன்றும் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். வாரியத்துக்கு நிற்பவருக்கு அந்தச் சபை வைத்த தகுதிகளில் ஒன்று, அவர் தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்பது. மனை இல்லாதவர் அன்றைய சபையில் நிற்க முடியாது. இன்றைய கிராம சபையில் அப்படித் தடை கிடையாது. ஊரின் வாக்காளர் யாராக இருந்தாலும் உட்காரலாம், பேசலாம். லைன் வீட்டில் இருப்பவரின் ஓட்டு சொந்த ஊரில் இருப்பதால், அவர் இங்கே பேசுவது எப்போதாவதுதான்.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வீட்டுப் பயனாளிகள் பட்டியல் அங்கே வாசிக்கப்பட வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் “எனக்கு ஏன் வரலை” என்று மட்டும் கேட்டால் “அடுத்த தடவை பார்க்கலாம்” என்று பதில் வரும். “நம்ம ஊரு ஆட்சேபணையில்லாத புறம்போக்கு எவ்வளவு, எந்த சர்வே நம்பர், அதுல எத்தனை மனை பிரிக்கலாம்?” என்று கேட்டால் பதிலைத் தேட வேண்டியிருக்கும். பட்டா கொடுப்பது தாசில்தார், ஊராட்சித் தலைவர் இல்லை. ஆனால் சர்வே எண்ணோடு கிராம சபை போடும் தீர்மானம் தாலுகா அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது, வெறும் மனுவைப் போல அதைக் கட்டுக்குள் வைத்துக் கட்டிவிட முடியாது. கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.