லேபிளையும் எண்ணி வாங்குங்கள்

திருப்பூரில் இருபது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறேன். துணியை வெட்டித் தைப்பது நாங்கள். கழுத்துப்பட்டியில் ஏறுவது இன்னொருவர் பெயர். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது ஒப்பந்தம். அதில் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. நானும் அப்படித்தான் போட்டேன்.

என் முதல் பெரிய ஆர்டர் 5,000 டி-ஷர்ட். டேமேஜ் போகுமே என்று கூடுதலாக வெட்டியதில் 180 பீஸ் மிஞ்சியது. லேபிளோடு காதர்பேட்டை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டேன். சரக்கு பையர் கண்ணில் பட, பாக்கிப் பணம் நின்றுபோனது. 'மிச்சச் சரக்கை லேபிள் நீக்காமல் விற்கக் கூடாது' என்று நான் படிக்காத பக்கத்தில் இருந்தது. பிராண்டு பெயர் அவர்கள் சொத்து; ஆர்டர் போட்ட எண்ணிக்கைக்குத்தான் நமக்கு அனுமதி. அன்றுமுதல் லேபிளை எண்ணி வாங்குகிறேன், கெட்டுப்போனதையும் எண்ணித் திருப்பிக் கொடுக்கிறேன்.

தரத்தை எண்ணில் எழுத வேண்டும். துணியிலிருந்து நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டித் தராசில் வைப்போம். 1.8 கிராம் காட்டினால் அது 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். ஐந்து சதவீதம் ஏறி இறங்கலாம் என்று எழுதியிருந்தால் 171 வரை தப்பிக்கும். எழுதாவிட்டால் 178-க்கும் சண்டை வரும். ஏற்கத்தக்க பழுது அளவு 'ஏ.க்யூ.எல். 2.5' என்றால், வழக்கமான சோதனையில், 5,000 பீஸில் 200 எடுத்துப் பார்ப்பார்கள். பத்துப் பழுது வரை பாஸ்; பதினொன்று என்றால் மொத்த லாட்டும் ரிஜெக்ட்.

அடுத்தது தேதி. ஷிப்மென்ட் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில் என்று பல ஒப்பந்தங்கள் சொல்லும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் ஏறிய துணி வராமல் தைக்கிறவன் என்ன செய்வான்? நம் கையை மீறிய தடை எதுவெது என்ற பட்டியலில் நீதிமன்ற உத்தரவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேலையை வெளியே ஜாப் ஒர்க் கொடுக்க வேண்டியிருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கடைசியாகப் பணம். உள்நாட்டு பிராண்டுக்குத் தைக்கும் குறு, சிறு நிறுவனம் உதயம் பதிவு வைத்திருக்க வேண்டும். இத்தகைய நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்கு மேல் தவணை பேச முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டுவட்டி.

ஒப்பந்தத்தில் விலை ஒரே ஒரு வரி. மற்றப் பக்கங்களை வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தாலும் அன்று கையெழுத்துப் போடாதீர்கள்.