கொஞ்சம் விசரும் வேண்டும்

கதை எழுதுகிறவரைப் பார்த்து நம்மவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இல்லாத மனிசரைப் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறீங்களே, உங்களுக்கென்ன விசரா?" கேலியாகக் கேட்டாலும் அதில் உண்மை இருக்கிறது. எங்குமே வாழாத ஒரு குடும்பத்தின் கவலைக்காகத் தூக்கத்தை விடுவது சாதாரணப் புத்தி செய்யும் வேலையல்ல. ஆனால் அந்த விசர் மட்டும் போதும் என்று நம் எழுத்தாளர் சிலர் நினைத்துவிடுவதுதான் பிரச்சினை.

கற்பனையை முதலில் பார்ப்போம். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் 'அஸன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. எழுதிய எம்.சி. சித்திலெப்பை கண்டியில் சட்டத்தரணி, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர், பாடசாலைகளுக்காக அலைந்தவர். அவருடைய கதாநாயகனோ மிஸ்று தேசத்தில் பிறந்தவன். இது வெறும் ஆகாயக் கோட்டையல்ல. பிரித்தானியரால் நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா 1883இல் கொழும்பு வந்து சேர்ந்தார். சித்திலெப்பை அவரோடு நெருங்கிப் பழகியவர். கற்பனைக்கும் தீனி வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

அதே மிஸ்றிலே, கெய்ரோவின் ஜமாலிய்யாவில் 1911இல் பிறந்தவர் நஜீப் மஹ்பூழ். தான் பிறந்த தெருக்களையே எழுதிய அவருக்கும் கற்பனை தேவைப்பட்டது. அவருடைய 'பைனல் கஸ்ரைன்' நாவலில் வரும் அமீனாவை நினைத்துப் பாருங்கள். கணவர் எந்நேரம் வந்தாலும் விழித்திருந்து விளக்குப் பிடிப்பவள். மொட்டைமாடியில் நின்று மினாராக்களைப் பார்த்தே வருடங்களைக் கழித்தவள். ஒருநாள் கணவருக்குத் தெரியாமல் ஹுஸைன் பள்ளிக்குப் போனதற்காகத் தாய்வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். இப்படியொரு உம்மாவை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம். காண்பது வேறு, அவளுடைய மனசுக்குள் போய் இருப்பது வேறு. இரண்டாவதுதான் கற்பனை.

அடுத்தது அர்ப்பணிப்பு. மஹ்பூழ் 1934 முதல் 1971 வரை அரசாங்க உத்தியோகத்தர். வக்பு அமைச்சிலும் பல வருடங்கள் இருந்தவர். கந்தோர் வேலை முடிந்தபிறகுதான் எழுத்து. கண் ஒவ்வாமையால் கோடை மாதங்களில் அதுவும் இல்லை. மிஞ்சிய நேரத்தில் ஒழுங்காக உட்கார்ந்து, மூன்று தலைமுறைக் கதையை 1952இல் முடித்தார். பாத்திரங்கள் குழம்பிவிடாதிருக்க ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு வைத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு கிளாக்கரின் பழக்கம் நாவலாசிரியருக்குக் கைகொடுத்தது! எழுதியதன் பருமனைக் கண்டு பதிப்பாளர் தயங்கினார். கடைசியில் அது மூன்று நாவல்களாகப் பிரிந்து 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது.

விசர் எங்கே வருகிறது? 1988இல் நோபல் பரிசு கிடைத்தாயிற்று. இனி எழுதாவிட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. 1994இல், 82 வயதில், கழுத்தில் கத்திக்குத்து. நரம்பு பாதிக்கப்பட்டு வலது கை சொன்னபடி கேட்கவில்லை. எழுதுவதையே மீண்டும் பழகவேண்டியிருந்தது. அப்போது அவர் நீண்ட நாவலை விட்டு, சில வரிகளில் முடியும் கனவுக் கதைகளை எழுதத் தொடங்கினார். கை அனுமதித்த அளவுக்குக் கதையைச் சுருக்கினாரே தவிர, கதையை விடவில்லை. புத்தியுள்ளவர் ஓய்வெடுத்திருப்பார்.

ஆகவே இம்மூன்றையும் தனித்தனியே பிரிக்க முடியாது. கற்பனை மட்டும் இருந்தால் பகற்கனவு. உழைப்பு மட்டும் இருந்தால் அறிக்கை. விசர் மட்டும் இருந்தால் தேநீர்க் கடைப் பேச்சோடு முடிந்துவிடும்.

நம்மிடையே கதை சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர்கள், கடை நடத்துபவர்கள், வீட்டு வேலைக்கிடையில் கொப்பியில் எழுதி ஒளித்துவைக்கும் பெண்கள் எத்தனை பேர்! "நேரமில்லை" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் கண்டிச் சட்டத்தரணிக்கும் கெய்ரோ உத்தியோகத்தருக்கும் நேரத்தை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒளித்துவைத்த கொப்பியை எடுத்து, நாளைக்கு ஒரு பக்கமாவது எழுதுங்கள். விசர் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.