பங்குச் சந்தையிலிருந்து வந்த முயல்



பகலில் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் தரகு வேலை. அதில் வந்த பணத்தில் கலைப்படைப்புகள். 1980களின் தொடக்கத்தில் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் இப்படித்தான் வாழ்ந்தார். 1955இல் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பிறந்தவர். அப்பா மரச்சாமான் கடை நடத்தியவர்.

புத்தம்புதிய வாக்குவம் கிளீனர்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியில் நிறுத்திவைத்தார் கூன்ஸ். 1985இல் தண்ணீர்த் தொட்டியின் நட்டநடுவே கூடைப்பந்தை நிற்க வைத்தார். இதற்காக, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனிடமே யோசனை கேட்டார். கீழே கனமான உப்பு நீர், மேலே தூய நீர். பந்து மூழ்காமலும் மிதக்காமலும் இடையில் நிற்கும். நாளடைவில் இரண்டு நீரும் கலந்து பந்து இறங்கிவிடும். அப்போது தொட்டியை மறுபடி நிரப்ப வேண்டும்!

1986இல் வந்தது முயல். காற்றடைத்த பொம்மை முயல் ஒன்றின் அச்சு, எவர்சில்வரில். உயரம் சுமார் மூன்றரை அடி. கையில் ஒரு கேரட். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில், எதிரே நிற்பவரின் முகம்தான் தெரியும்.

2019 மே மாதம் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்த முயல் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு விலைபோனது. உயிரோடிருக்கும் கலைஞர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த உச்ச விலை அதுதான்.

ஏலம் கேட்டு அதை எடுத்த கலைப்பொருள் வணிகர் ராபர்ட் மனூச்சின். அவரும் முன்னாள் வால் ஸ்ட்ரீட்காரர்தான்!