மேலே மணல், கீழே களிமண்

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகருக்கு மேற்கே 'ஓக் ஓபனிங்ஸ்' என்ற மணல்மேட்டுப் பகதி இருக்கிறது. மணலில்தான் தண்ணீர் நிற்காதே, அப்புறம் மேடுகளுக்கு நடுவே ஈரப் புல்வெளி எப்படி வந்தது? எனக்கு இதுதான் குழப்பமாக இருந்தது.

விடை அடுக்கில் இருக்கு. பனியாறு உருகித் தேங்கிய ஏரியின் அடியில் களிமண். ஏரி வற்றியதும் கரைமணலைக் காற்று அள்ளி அதன்மேல் குவித்தது. காற்று தூசியைத் தூரமாகக் கொண்டுபோய்விடும், சரளையை அசைக்காது. மிஞ்சுவது ஏறக்குறைய ஒரே அளவு நுண்மணல். அதில் மழைநீர் சட்டென இறங்கும், சத்தும் கூடவே போகும். கீழே களிமண் தடுத்துவிடும். அதனால் மேடு காயும், பள்ளம் ஊறும்.

அந்தச் சத்தில்லாத மேட்டில்தான் காட்டு லூபின் வளர்கிறது. 'கார்னர் புளூ' வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அது ஒன்றே உணவு. அங்கே மண்ணுக்கு உரம் போட்டு 'வளப்படுத்தினால்' மற்ற செடிகள் மூடிக்கொள்ளும், லூபின் போய்விடும். மோசமான மண் என்று சொல்வதற்கு முன், யாருக்கு என்று கேட்கணும்.