பச்சோந்திக் குட்டியைப் பார்த்துக்கொள்வது எப்படி?

கர்நாடகத்தின் சாமராஜநகர்ப் பக்கம் மழை பெய்து ஓய்ந்த நாட்களில் தோட்டத்து வேலியை ஒட்டி மெதுவாக நடந்தால், விரல் நீளத்தில் ஒரு பச்சோந்திக் குட்டி கண்ணில் படலாம். மஞ்சள் தோட்டம், சூரியகாந்திக் காடு, உண்ணிச்செடிப் புதர், கிளுவை வேலி என்று பூச்சி நிறைந்த இடங்களுக்கு அங்கே குறைவில்லை. குண்டல்பேட்டை, கொள்ளேகால், ஹனூர், எல்லையைத் தாண்டினால் நம் தாளவாடி, ஆசனூர் எல்லாமே பச்சோந்திக்கு ஏற்ற ஊர்கள்தான். குட்டியைப் பார்த்ததும் உங்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி எனக்குத் தெரியும்: "இதை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கலாமா?"

ஆசை நியாயமானதுதான். அவ்வளவு அழகான பிராணி அது. ஆனால் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பது, அடைத்து வைப்பது, விற்பது எல்லாமே குற்றம். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. சட்டம் சொல்கிறது என்பதற்காக மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பச்சோந்தியின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதை ஏன் பெட்டிக்குள் வைக்க முடியாது என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காண வேண்டும். வேலியில் உட்கார்ந்து தலையாட்டுகிற, கிட்டே போனால் விருட்டென்று ஓடுகிற பிராணி ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் செக்கச் சிவந்துவிடும். நிறம் மாறுகிறதே என்று பலர் அதைப் பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். பச்சோந்தியால் அப்படி ஓடவே முடியாது. பக்கவாட்டில் தட்டையான உடம்பு, பின்பக்கம் கூம்பி உயர்ந்த தலை, சுருட்டி வைத்த வால், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கண்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். உலகத்தில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவிலேயே வாழ்கின்றன. மீதியில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில். இந்தியாவுக்குச் சொந்தமானது ஒரே ஓர் இனம்தான். அதுவே இலங்கையிலும் இருக்கிறது. நன்றாக வளர்ந்தால் வால் நுனி வரை ஓர் அடிக்கு மேல் நீளும்.

அதன் பாதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து விரல்கள், ஆனால் தனித்தனியாக இல்லை. முன்னங்காலில் உள்பக்கம் மூன்று விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், வெளிப்பக்கம் இரண்டு. பின்னங்காலில் இது அப்படியே தலைகீழ்: உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று. இரண்டு கற்றைகளும் எதிரெதிராக மடங்கிக் கிளையைக் கவ்விப் பிடிக்கும். நகங்களும் கூர்மையானவை. வால்தான் ஐந்தாவது கை. பல்லியின் வால் அறுந்தால் மறுபடி முளைக்கும். பச்சோந்திக்கு அந்த வசதி கிடையாது. போனால் போனதுதான். அதனால்தான் வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நடக்கும்போது அது ஓர் அடி எடுத்து வைக்கும், நிற்கும், முன்னும் பின்னும் ஆடும், மறுபடி ஓர் அடி. பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். காற்றில் இலைகள் ஆடும்போது தானும் ஆடினால், மேலே பறக்கும் பருந்துக்கும் கிளையில் காத்திருக்கும் பாம்புக்கும் அது பிராணியாகத் தெரியாது. நீங்கள் கிட்டே போனால் இன்னொன்றும் செய்யும். கிளையைச் சுற்றி மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய்விடும். தட்டையான உடம்பு கிளைக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் அது அந்தப் பக்கம்.

கண்கள் இன்னும் விசேஷம். இமை முழுக்க மூடியிருக்கும், நடுவில் சிறு துளை மட்டும். வலது கண் முன்னால் பார்க்கும்போது இடது கண் பின்னால் பார்க்கும். தலையைத் திருப்பாமலே சுற்றிலும் நோட்டம் விடும். ஒரு வெட்டுக்கிளி கண்ணில் பட்டதும் இரண்டு கண்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அடுத்து நாக்குதான்!

அந்த நாக்கு உடம்பின் நீளத்தைத் தாண்டிப் போகும். பூச்சியைத் தொட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. வெறும் தசையால் இந்த வேகம் வராது. வில்லை மெதுவாக வளைத்துச் சட்டென்று விடுகிறோமே, அதே தந்திரம்தான். நாக்குக்குள் ஒரு நீளமான எலும்பு இருக்கிறது. அதைச் சுற்றி நீண்டு சுருங்கும் உறைகள், அவற்றைச் சுற்றித் தசை. தசை நிதானமாக இறுக்கி உறைகளில் சக்தியைச் சேர்த்து வைக்கும். விடுபடும்போது அவ்வளவு சக்தியும் ஒரே கணத்தில் வெளியே வரும். 2010-இல் அமெரிக்காவின் தெற்கு புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் குளிரில் சோதித்துப் பார்த்தார்கள். வெப்பம் 15 டிகிரிக்கு இறங்கினாலும் நாக்கு ஏறக்குறைய அதே வேகத்தில் பாய்ந்தது. ஆனால் பூச்சியோடு நாக்கைத் திரும்ப இழுப்பது மட்டும் மிகவும் மெதுவானது. ஏனென்றால் இழுப்பது முழுக்கத் தசையின் வேலை, தசைக்குக் குளிர் ஆகாது. பிலிகிரிரங்கன் மலையில் மார்கழிக் காலை எவ்வளவு குளிரும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஓணான்கள் வெயிலுக்குக் காத்திருக்கிற அந்த நேரத்தில் பச்சோந்தியால் வேட்டையாட முடிகிறது என்றால், காரணம் இந்த நாக்குதான். நாக்கு நுனியில் ஊறும் பசையும் சாதாரணமில்லை. நம் எச்சிலைவிடச் சுமார் 400 மடங்கு பிசுபிசுப்பானது என்று 2016-இல் அளந்திருக்கிறார்கள்.

முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிக்கு அம்மாவும் இல்லை, பாடம் சொல்லித்தர யாரும் இல்லை. மண்ணைக் கீறி மேலே வரும், செடியில் ஏறும், தானாகவே சின்னப் பூச்சிகளைக் குறி பார்த்துப் பிடிக்கும்.

இப்போது நிறத்துக்கு வருவோம். பச்சோந்தியைச் சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகும், கட்டம் போட்ட சட்டையில் வைத்தால் கட்டம் கட்டமாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மையில்லை. அதன் பச்சை நிறம் இலைகளுக்கு நடுவே ஏற்கெனவே நல்ல மறைவு. மாறுகிற நிறங்கள் பெரும்பாலும் அதன் உடம்பின் சூட்டையும் மனநிலையையும் காட்டுகின்றன. இது எப்படி நடக்கிறது என்று 2015-இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை வைத்துக் கண்டுபிடித்தார்கள். தோலுக்குள் சில செல்களில் குவானின் என்ற பொருளின் மிக மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருக்கமாக இருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே மஞ்சள் நிறமி இருப்பதால் நமக்கு அது பச்சையாகத் தெரியும். எதிரியைப் பார்த்துக் கிளர்ச்சி அடைந்தால் படிகங்கள் விலகி, மஞ்சளும் சிவப்பும் திரும்பி வரும். எல்லா இனத்துக்கும் எல்லா நிறமும் வராது. நம் பச்சோந்தி பச்சை, மஞ்சள், பழுப்பு, கருமை என்ற வட்டத்துக்குள்தான் மாறும்.

இதைத் தெரிந்துகொண்டால் வேலியோரத்தில் நின்றே அதன் நிலையைப் படித்துவிடலாம். காலையில் கருத்த நிறத்தில், உடம்பைத் தட்டையாக்கி, ஒரு பக்கத்தை வெயிலுக்குக் காட்டி நிற்கிறதா? குளிர் காய்கிறது. கறுப்பு நிறம் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும். உச்சி வெயிலில் வெளிறிப்போய் நிழலில் இருக்கிறதா? சூடு போதும் என்று அர்த்தம். உங்களைப் பார்த்ததும் திட்டுத் திட்டாகக் கருத்து, உடம்பை ஊதி, வாயைத் திறந்து 'புஸ்' என்று சீறினால், அது பயந்திருக்கிறது. இரண்டடி பின்னால் போய்விடுங்கள். அதற்கு விஷம் கிடையாது. சீறுவதைப் பார்த்துவிட்டுப் பாவம், கல்லால் அடித்துக் கொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யாராவது கல்லை எடுத்தால் விஷம் இல்லை என்பதை நீங்கள் சொல்லுங்கள். தோலில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு தெரிந்தாலும் நோய் என்று பதற வேண்டாம். தோல் உரிக்கிறது. பாம்பைப் போல முழுச் சட்டையாக இல்லாமல் துண்டு துண்டாக உரியும். வளரும் குட்டிகள் அடிக்கடி உரிக்கும்.

சரி, இந்தக் குட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர்க் கிண்ணம் வைப்பீர்கள். அது கிண்ணத்துப் பக்கம் பெரும்பாலும் திரும்பியே பார்க்காது. இலையில் தொங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்துத்தான் அதற்குப் பழக்கம். கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே தாகத்தில் கண்கள் உள்ளே குழிந்துபோகும். பகலிலும் கண்ணை மூடிக்கொண்டே இருக்கும். பெட்டியை ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தாலும் பயனில்லை. எலும்பு உறுதியாக வைட்டமின் டி3 வேண்டும், அதை உண்டாக்கச் சூரியனின் புற ஊதாக் கதிர் வேண்டும், அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராமல் வளரும் குட்டியின் கால்கள் வளைந்துபோகும், தாடை மெலியும், கடைசியில் நாக்கை நீட்டக்கூட முடியாது. போதாததற்குக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து நாள் முழுக்கக் கருத்துப்போய் நிற்கும். பச்சோந்தி தனியாக வாழும் பிராணி. தடவிக் கொடுப்பதும் கையில் ஏற்றிக்கொள்வதும் அதற்கு அன்பாகத் தெரியாது, ஆபத்தாகத்தான் தெரியும்.

யூடியூபில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பச்சோந்திக்குப் பூச்சி ஊட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அதிகம் வளர்ப்பது ஏமன், சவூதி அரேபியா பக்கத்து இனம். பண்ணையிலேயே பொரித்த குட்டிகள் அவை. அவற்றுக்கே வலைக் கூண்டு, புற ஊதா விளக்கு, நாளுக்குச் சில முறை நீர்த்தூறல், சுண்ணாம்புப் பொடி தடவிய பூச்சி என்று எத்தனையோ ஏற்பாடு தேவைப்படுகிறது. இவை அத்தனையும் உங்கள் வேலியோரக் குட்டிக்கு விலையில்லாமல் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. வெயில் இருக்கிறது, பனி இருக்கிறது, பூச்சி இருக்கிறது, ஏறிக்கொள்ள மெல்லிய குச்சிகள் இருக்கின்றன.

அதனால் குட்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி வேலியில்தான் தொடங்குகிறது. உயிர்வேலியை வெட்டிவிட்டுக் கம்பி கட்டலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், ஒரு பக்கமாவது செடியாக இருக்கட்டும் என்று அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். வேலியோரச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். குட்டியின் சாப்பாடு அந்தப் பூச்சிகள்தான். தினமும் காலையில் பள்ளிக்குப் போகும்முன் ஒரே செடியைப் பாருங்கள். மணி, வெயிலா மேகமா, குட்டியின் நிறம், எந்தக் கிளை என்று நோட்டில் எழுதி வையுங்கள். வெயிலுக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பு கொஞ்ச நாளிலேயே உங்கள் எழுத்தில் தெரியத் தொடங்கும். இரவில் அது மெல்லிய குச்சியின் நுனியில், வெளிறிய நிறத்தில், வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கும். பாம்பு ஏறினால் குச்சி ஆடும், உடனே தெரிந்துவிடும். ஆனால் அதைப் பார்க்கிறேன் என்று டார்ச்சோடு கிளம்பிவிடாதீர்கள். பந்திப்பூரும் பிலிகிரிரங்கன் மலையும் சத்தியமங்கலம் காடும் சூழ்ந்த பகுதி அது. இருட்டினால் யானை வரும், சிறுத்தை வரும்.

சாலையில் பச்சோந்தியைப் பார்த்தால் என்ன செய்வது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. இவை யானைக்கும் மானுக்கும் பெரிய நிம்மதி. பச்சோந்தியோ பகலில் நடமாடும் பிராணி. ஓர் அடி வைத்து, நின்று, ஆடி, அடுத்த அடி வைத்து அது தார்ச்சாலையைக் கடந்து முடிப்பதற்குள் எத்தனை வண்டிகள் வந்துவிடும்! பெரியவர் ஒருவர் கூட இருந்து, வண்டி எதுவும் வரவில்லை என்றால் மட்டும், ஒரு நீளக் குச்சியை அதன் முன்னங்காலுக்கு முன்னால் நீட்டச் சொல்லுங்கள். தானாகவே பற்றி ஏறும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் குச்சியோடு வைத்துவிடலாம். கையால் பிய்த்து எடுத்தால் விரல்கள் முறியலாம். அடிபட்டிருந்தால் வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

பெரிய பச்சோந்தி ஒன்று தரையில் இறங்கி மண்ணைத் தோண்டுகிறதா? காப்பாற்றுகிறேன் என்று அதை மரத்தில் ஏற்றிவிடாதீர்கள். அது முட்டையிட வந்த தாய். ஒரு முறைக்குப் பத்து முதல் முப்பது முட்டை வரை இட்டு, மண்ணை மூடிவிட்டுப் போய்விடும். அந்த இடத்தில் நாயும் கோழியும் கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மண்வெட்டி போடாமல் இருக்கும்படி வீட்டில் சொல்லி வையுங்கள்.

போட்டோ எடுத்தால் தூரத்திலிருந்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல், ஐநேச்சுரலிஸ்ட் ஆகிய இணையதளங்களில் பெரியவர்கள் துணையோடு அதைப் பதிவு செய்தால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். மாதமும் மாவட்டமும் சரியாக இருந்தால் போதும். எந்தத் தெரு, எந்தத் தோட்டம், எந்தச் செடி என்பதை மட்டும் யாருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டாம். பச்சோந்தியைப் பிடித்து விற்கிறவர்களும் அந்தப் படங்களைப் பார்ப்பார்கள்.