இறங்கும் மரம், ஏறும் வண்டி

பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில் இருக்கிறது டாப்ஸ்லிப். தேக்குத் தடிகளை மலையிலிருந்து அடிவாரத்துக்குச் சறுக்கிவிட்ட இடம் என்பதால் வந்த பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளம் வரை போனது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பெயர்க் கதையோடு திரும்பிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே, கேரள எல்லைக்குள் இருக்கும் பரம்பிக்குளத்தில் மரத்தை இறக்கிய விதம் அதைவிட அழகானது.

தேக்கை வெட்டிச் சாய்ப்பதைவிட அதை நகர்த்துவதுதான் பெரும்பாடு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றி வளையமாகக் கொத்திவிட்டு, நின்ற நிலையிலேயே மரத்தைக் காயவிடுவது பழைய வழக்கம். கூப்பில், அதாவது மரம் வெட்டும் இடத்தில், விழுந்த தடியை யானை இழுத்து வரும். கேரளத்து யானைக்குச் சேணமும் சங்கிலியும் வேண்டாம். தடியில் கட்டிய நார்க்கயிற்றைப் பல்லில் கடித்துப் பிடித்தே இழுத்துவிடும். ஆனால் ஆற்றங்கரை வரை கொண்டுவந்தும் பரம்பிக்குளத்தில் பயனில்லை. சாலக்குடி ஆறு போகிற வழியில் பாறைகளில் மோதி, அதிரப்பள்ளியில் சுமார் 80 அடி ஆழத்துக்கு அருவியாக விழுகிறது. அதில் விட்ட தடி முழுசாக ஊர் போய்ச் சேராது.

கொச்சி சமஸ்தானம் இதற்காகவே காட்டுக்குள் ஒரு டிராம் பாதை போட்டது. 1907இல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை, சாலக்குடி ரயில் நிலையத்திலிருந்து பரம்பிக்குளம் காடு வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சமதளத்தில் ஜெர்மனியில் செய்த சிறிய நீராவி எஞ்சின்கள் இழுத்தன. செங்குத்தான சரிவுகளில் எஞ்சினுக்கு வேலையே இல்லை.

அங்கே சரிவின் தலைமாட்டில் ஒரு பெரிய சக்கரம். அதைச் சுற்றி எஃகுக் கம்பிக்கயிறு. கயிற்றின் ஒரு நுனியில், மேலே, தடி ஏற்றிய வண்டி. மறு நுனியில், கீழே, காலி வண்டி. கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டி இறைத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பாரவண்டி இறங்க இறங்கக் காலிவண்டி தானாக மேலே ஏறும். நிலக்கரி வேண்டாம், விறகு வேண்டாம். மனிதர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்வது. விட்டால் பல டன் தேக்கு அவிழ்த்துவிட்ட காளையாகப் பாயும். யானை இழுத்து வந்த அதே பாரம் இங்கே வண்டியை இழுத்தது. பொறியாளர்களின் இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மரம் இறங்கினால்தான் வண்டி ஏறும். காடு மெலிந்தது, பராமரிப்புச் செலவு கூடியது. இதை ஆராய்ந்த ஒரு குழு, பாதையை மூடச் சொன்னது. 1963இல் அதன் கதை முடிந்தது.

வெட்டுக்குத் தப்பிய கன்னிமாரா தேக்கு என்ற மரம் மட்டும் பரம்பிக்குளத்தில் இன்னும் நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு ஆறு மீட்டருக்கு மேல். நாலைந்து பேர் கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்க முடியும். முன்பு அதை வெட்டப் போனபோது கோடாலி பட்ட இடத்தில் ரத்தம் பீறிட்டதாம். கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, அதைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடத் தொடங்கினார்கள் என்று அந்தக் காட்டு மக்கள் சொல்கிறார்கள்.